சீனி போடாத நாற்பது நாட்கள்

போன கிழமை உங்களில் மூன்று பேர், ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாமல், எனக்கு ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீர்கள். வீட்டில் நல்ல கோப்பி போடுவது எப்படி? ஒருத்தி கொழும்பில் தொடர்மாடியில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள். இன்னொருத்தி புதிதாக ஒரு கோப்பி மெசின் வாங்கி, அதன் விளக்கப் புத்தகத்தை இரண்டு தரம் படித்தும் விளங்காமல் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்திருக்கிறாள். மூன்றாமவன் பனி நாட்டில் தனியாக இருக்கிறான்; பால்மாவும் தூளும் சேர்ந்தே வருகிற பைகளைக் கலக்கிக் குடித்துக் குடித்து வாய் செத்துப்போய்விட்டதாக எழுதியிருந்தான்.

பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள் நான் என்பதை நீங்கள் மறக்கவில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. ஆகவே பட்டியல் முதலில்.

வறுத்து ஒரு மாதம் தாண்டாத கொட்டை. குடிக்கிற அன்றே அரைத்த தூள். ஒரு பெரிய கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, தலை தட்டி. நல்ல தண்ணீர், குடித்தால் நாக்கில் ஒன்றும் ஒட்டாத தண்ணீர். கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, நாற்பது எண்ணி, பிறகு தூளின் மேல் ஊற்றுங்கள். மூடி வைத்து நான்கு நிமிடம் தொடவேண்டாம். பிறகு ஒரு கரண்டி பச்சைத்தண்ணீரை மேலால் தெளித்தால் மண்டி தானாகக் கீழே போகும். மெதுவாக வடியுங்கள். அடியில் இரண்டு விரல் அளவு மிஞ்சட்டும். அதற்கு ஆசைப்பட்டால் மேலே உள்ளதும் கெட்டுவிடும்.

இவற்றில் முக்கால்வாசி, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு தவக்காலத்தில் தெரியவந்தவை. மிச்சமுள்ள ஒன்றைப் பட்டியலில் எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இது நீள்கிறது.

*

குருநகரில் எங்கள் வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரவேலி. அதில் ஒரு தகரத்தைக் கழற்றி வழி விட்டிருந்தோம். மாமி அப்பாவின் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே மாமா கடலில் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கோப்பிதான் மாமியின் பிழைப்பு. எங்கள் வட்டாரத்து வீடுகள் பச்சைக் கோப்பிக்கொட்டையைச் சந்தையில் வாங்கி மாமியிடம் கொண்டுவந்து கொடுக்கும். அவர் அதை வறுத்து, மல்லியும் சுக்கு என்கிற வேர்க்கொம்பும் மிளகும் தனித்தனியே வறுத்துச் சேர்த்து, மேசை விளிம்பில் பூட்டிய கைமெசினில் அரைத்து, தகர ரின்னில் போட்டுக் கொடுப்பார். எந்த வீட்டுக்கு மல்லி கூட வேண்டும், எந்த வீட்டில் மிளகு ஆகாது, எந்த வீட்டுக் கிழவருக்கு நெஞ்செரிவு என்பதெல்லாம் எழுதப்படாமல் அவருடைய தலைக்குள் இருந்தன.

மாமி கண்ணை மூடிக்கொண்டு வறுப்பார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தாச்சியில் கொட்டையைப் போட்டு, அகப்பையால் இரண்டு சுற்றுச் சுற்றியதும் கண் மூடிவிடும். கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கண் பொய் சொல்லும் பிள்ளை. குசினிக்கை வெளிச்சம் ஒரு நாளைப்போல ஒரு நாள் இல்லை. மூக்குக்கு என்னத்துக்கு வெளிச்சம்?"

கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். புகை எழும். கொட்டைகள் படபடவென்று வெடிக்கும். அவருடைய மூக்கு நுனி ஒருதரம் அசையும். அதே நொடியில் தாச்சி அடுப்பை விட்டு இறங்கியிருக்கும், கொட்டை சுளகில் பரவியிருக்கும். கோவிலில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எனக்கு எப்படி மூச்சு நிற்குமோ அப்படித்தான் அதைப் பார்க்கும்போதும் நிற்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பது பாவமா என்று கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் மாமிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை படுத்தார். எழும்பியபோது கொஞ்சம் மெலிந்திருந்தார், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம்.

பத்து நாட்களுக்குள் மூப்பர் தன் வீட்டுக் கோப்பி ரின்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கோவில் அலுவல்களில் சுவாமியாருக்கு அடுத்த ஆள் அவர்தான். வயது எழுபதுக்கு மேல், குரல் இருபதுக்குரியது.

"என்ன பிள்ளை, இந்தமுறை கட்டாக் கருவாடும் சேத்தே அரைச்சனி? கோப்பியும் குடிச்சு, கறியும் திண்ட மாதிரிக் கிடக்கு. வீட்டிலை மனுசிக்கு ஒரு வேலை மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமிக்கு வரவில்லை. கோப்பியையும் கருவாட்டையும் ஒரே அறையில் வைக்க விடாதவர் அவர். கோப்பி பஞ்சு மாதிரி, பக்கத்தில் இருப்பதை உறிஞ்சிவிடும் என்று எத்தனையோ வீடுகளில் சொல்லித் திருத்தியவர். அன்று எட்டிப் பார்த்தேன். மூடாத கொட்டைச் சாக்குக்கு அருகில், ஒரு சாண் தூரத்தில், கருவாட்டுக் கூடை இருந்தது.

மாமி ரின்னைத் திறந்து முகத்தை அதற்குள் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மாத்தித் தாறன்" என்றார்.

*

அடுத்த புதன் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வந்து, எங்கள் முற்றத்தில் நின்று, அம்மாவுக்கும் அங்கிருந்த இரண்டு அயல்வீட்டுப் பெண்களுக்கும் கேட்கும்படி மாமி சொன்னார்: "பாஸ்கா வரும் மட்டும் நான் கோப்பி வாயிலை வைக்கமாட்டன். மணந்தும் பாக்கமாட்டன். இது இந்தமுறை என்ரை ஒறுத்தல்."

இறைச்சியை விடுகிறவர்கள் இருந்தார்கள், வெற்றிலையை விடுகிறவர்கள் இருந்தார்கள். கோப்பியால் பிழைக்கிறவர் கோப்பி மணத்தையே விடுவது யாரும் கேள்விப்படாத தவம். மாலைக்குள் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கருவாட்டுக் கோப்பியை யாரும் பிறகு பேசவில்லை.

அம்மா மட்டும் அவ்வளவு மயங்கவில்லை. அவருக்கு வேறு கோபம் இருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு மாமி எங்கள் வீட்டில் சாப்பிடும்போது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வதில்லை. அதற்கு மேல், அம்மாவின் கணவாய்க் கறியில் மிளகாய்த்தூளை அள்ளித் தூவிச் சாப்பிட்டார்.

"என்ரை கறிக்கு மேலை தூள் தூவுறா. பதினாறு வருசமாய்ச் சமைச்சுப் போடுறன், நாக்கிலை என்ன தோல் வளந்து போச்சே?" என்று அப்பாவிடம் பொருமினார்.

"அக்கா தவத்திலை நிக்கிறா. விடப்பா" என்றார் அப்பா.

"கோப்பியைத்தானே விட்டவ. வாயையுமே விட்டவ?"

அன்றிலிருந்து கறிச் சட்டி தகரவேலியைத் தாண்டிப் போவது குறைந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை மாமி வேலி வழியாகக் கூப்பிட்டார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, தாச்சி ஏறியிருந்தது.

"பிள்ளை, என்ரை மூக்கை ஆண்டவருக்குக் குடுத்திட்டன், நாப்பது நாளைக்கு. உன்ரையை இரவல் தா."

கடவுளுக்கு மூக்கைக் கொடுக்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதைவிட, அந்த மூக்கு இருந்த இடத்தில் என்னுடையதை வைக்கலாம் என்று ஒருவர் நினைத்தது பெரிய விஷயமாக இருந்தது. வீட்டில் என் மூக்கைப் பற்றி யாராவது பேசினால் சளியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"நீ மணந்து சொல்லுறதை ஆருக்கும் சொல்லாதை. ஒறுத்தலைப் பறை அடிக்கக்கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஒரு வாங்குப் பலகையில் என்னை ஏற்றி நிறுத்தினார். கண்ணை மூடச் சொன்னார்.

"இப்ப என்ன மணம்?"

"பச்சையாய். சாக்கு மாதிரி."

"இப்ப?"

"வைக்கல்."

"ம். இப்ப?"

"பேக்கரிக்குப் பக்கத்தாலை போற மாதிரி. பாண்."

"பாண் வேகுதோ, வெந்து முடிஞ்சுதோ?"

"வேகுது."

"அப்ப நில்லு. இப்ப?"

"கச்சான் கடலை."

"அவிச்ச கச்சானோ, வறுத்த கச்சானோ? வடிவாய்ச் சொல்லு. மூக்கை வைச்சுக்கொண்டு சும்மா நிக்காதை."

"வறுத்தது. தோல் கொஞ்சம் கருகினது."

அப்போதுதான் கொட்டைகள் வெடிக்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு தகரக் கூரையில் மழை விழுவதுபோல. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மணம் திரும்பியது. அது பாண் இல்லை, கச்சான் இல்லை. சீனி கருகுவது கொஞ்சம், ஈர மரம் கொஞ்சம், வெயிலில் காய்ந்த படகு கொஞ்சம் எல்லாம் இருந்தன; ஆனால் எதுவும் அதுவாக இல்லை. வாய் திறந்தேன், சொல் வரவில்லை.

"சொல்லு பிள்ளை."

"மாமி, இதுக்குப் பேர் இல்லை."

"பேர் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப இறக்கிறன்."

இன்று எனக்கு அந்த மணத்துக்குள் இருக்கும் பல பொருட்களின் பெயர்கள் தெரியும். பரிசோதனைக்கூடக் கருவியில் அவற்றைத் தனித்தனிக் கோடுகளாகப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் கோப்பி வறுக்கும்போது இன்றும் பெயர் தீர்ந்துபோகும் இடத்தில்தான் இறக்குகிறேன்.

மாமிக்கு அது போதவில்லை. ஒருநாள் என் மூக்கு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? பழைய கலண்டர் தாள்களைக் கிழித்துத் தந்தார். பின்புறத்தில் நான் எழுதினேன். அடுப்பில் ஏற்றிய நேரம், வைக்கல், பாண், கச்சான், முதல் வெடி, பேர் இல்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நேரம். மல்லிக்கு வேறு தாள். மல்லி கோப்பியைவிட அவசரக்காரி, ஆரஞ்சுத் தோடம்பழத்தோல் மணம் வந்ததும் இறக்காவிட்டால் கசக்கும். இரண்டாம் கிழமை முடிவில் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். தேங்காய்ச்சிரட்டை எரித்த நாட்களில் எல்லா நேரங்களும் ஒன்றுபோல் இருந்தன. ஈரவிறகு எரித்த நாட்களில் மட்டும் தாறுமாறு. அதை மாமியிடம் காட்டினேன். அவர் தாள்களை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருசமாய் வறுக்கிறன். எனக்கு உது தெரியாது" என்றார்.

அதற்குப் பிறகு சிரட்டை மட்டும்தான். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த முதல் விஷயம் அதுதான்.

*

வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் எல்லோருக்கும் கோப்பி. நோன்பிருந்தவர்களுக்கு அதுதான் அன்றைய முதல் சூடு. எங்கள் வட்டாரத்தில் தவக்காலம் முழுவதும் அதற்குச் சீனி போடுவதில்லை, பாலும் விடுவதில்லை. பொழுதுபட்ட பிறகு நூறு பேர் வெறும் கோப்பிக் கோப்பையோடு நிற்பார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீனி எத்தனையோ பிழைகளை மூடும். அந்த நாற்பது நாளும் மாமிக்கு மூடி கிடையாது. வறுத்ததில் ஒரு நிமிடம் கூடினாலும் நூறு நாக்குக்கும் தெரிந்துவிடும்.

தண்ணீருக்கும் மாமி கண்டிப்பு. குருநகர்க் கிணறுகள் உவர். குளிக்கலாம், கழுவலாம், கோப்பிக்கு ஆகாது. நல்ல தண்ணி வண்டி வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்து வெள்ளைத் துணியால் மூடி வைப்போம். கொதித்து இறக்கியதும் நாற்பது எண்ணுவது அவருடைய வழக்கம். ஏனென்று கேட்டால் தவக்காலம் நாற்பது நாள் என்பார். மற்ற மாதங்களிலும் அதே நாற்பதைத்தான் எண்ணினார் என்பதை நான் கவனித்திருந்தேன், சொல்லவில்லை.

மூன்றாம் வெள்ளிக்கிழமை மூப்பர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, உன்னாலை எங்களுக்குத்தான் நட்டம். இவ்வளவு ருசியாய் இருந்தால் இது ஒறுத்தலெண்டு ஆண்டவர் கணக்கிலை எடுப்பாரே?"

மண்டபம் சிரித்தது. மாமி கோப்பை கொடுப்பதை நிறுத்தாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்காம் கிழமை, செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். தாச்சியின் காதைப் பிடிக்கிற துணி அடுப்பு வாயில் பட்டுப் புகைய ஆரம்பித்தது. கோப்பிப் புகையோடு கலந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. மணம் மட்டும் குசினி முழுக்க. மாமி வழக்கம்போல் கண்ணை மூடி, அகப்பையைச் சுழற்றியபடி, என் சொல்லுக்காகக் காத்திருந்தார். துணி எரிந்து கொண்டிருந்தது அவருடைய இடது கைக்கு மூன்று விரல் தள்ளி.

"மாமி, துணி" என்று கத்தினேன்.

அவர் துணியை உதறி எறிந்தார், மிதித்தார். பிறகு வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொட்டை தாச்சியிலேயே கருகியது. அதை இறக்க அவர் எழும்பவில்லை.

"மணக்கேல்லையோ மாமி?" என்று கேட்டேன். "துணியை மணக்கலாம்தானே. கோப்பியைத்தானே விட்டனீங்கள்."

மாமி சொன்னார்: "ஒண்டும் மணக்குதில்லை பிள்ளை. காய்ச்சலோடை போட்டுது. கோப்பி, மீன், சவர்க்காரம், ஒண்டுமில்லை. நாக்கிலை உப்புத் தெரியுது, கைப்புத் தெரியுது, உறைப்புச் சுடுது. அவ்வளவும்தான்."

"அப்ப ஒறுத்தல்?"

"ஒறுத்தல் எண்டு சொன்னால் ஆரும் மணந்து பார் எண்டு நீட்டமாட்டினம். அதுக்குத்தான்."

"டொக்டரிட்டைப் போவமே."

"மூக்கு மணக்குதில்லை எண்டு ஆரும் ஆசுபத்திரிக்குப் போறவையே? சிரிப்பினம். பேந்து நாளைக்கே தெரு முழுக்கத் தெரியும். மணம் தெரியாதவளிட்டை ஆர் கோப்பிக்கொட்டை குடுப்பினம் பிள்ளை? எனக்கு வேறை என்ன தெரியும்?"

போய்க் காட்டியிருக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு மணம் போவது உண்டென்றும், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றும் இன்று எங்களுக்குத் தெரியும். அன்று அது ஒரு நோயாகவே யாருக்கும் படவில்லை. அம்மாவுக்கு அது திமிராகப் பட்டது. வட்டாரத்துக்குத் தவமாகப் பட்டது. எனக்கு அற்புதமாகப் பட்டிருந்தது. மூன்று பேரும் பிழை. மூன்று பிழையும் ஒரே மனுசியின் மேல்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உண்மை தெரிந்த பிறகு என் வியப்புக் குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டது. ஒன்றுமே மணக்காத ஒருவர், ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தத் தெருவிலேயே நல்ல கோப்பியை வறுத்துக்கொண்டிருந்தார்.

*

குருத்தோலை ஞாயிறு அன்று சுவாமியார் பிரசங்கத்தில் தவத்தைப் பற்றிப் பேசினார். பேர் சொல்லவில்லை. "எங்களுக்குள்ளே ஒரு சகோதரி, தனக்குச் சோறு போடுகிற பொருளின் வாசனையையே ஆண்டவருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்" என்றார். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடேறியது. பக்கத்தில் மாமி குருத்தோலையைச் சிறிது சிறிதாகக் கிழித்துக்கொண்டிருந்தார். பூசை முடியும்போது அவர் மடியில் ஓலை இல்லை, நார்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்திருந்தார். பிடி இறுகியிருந்தது.

"நான் கருவாட்டை மறைக்கச் சொன்ன பொய் பிள்ளை. இப்ப அதைப் பீடத்திலை ஏத்திப்போட்டார்."

அந்தப் பெரிய வாரம் முழுவதும் அவருக்கு உயிர்ப்பு ஞாயிற்றின் யோசனைதான். பாஸ்கா முடிந்ததும் தவம் முடியும். தவம் முடிந்தால் கோப்பி குடிக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால், எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க. எப்படி நடிப்பது என்று நான் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன்: முதலில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோதல், கண்ணை மூடுதல், மூன்று எண்ணுதல், சிறு மிடறு, தலையாட்டுதல். மாமி அதை வாசித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

உயிர்ப்பு ஞாயிறு விடியற்பூசை முடிந்ததும் மண்டபத்தில் வெள்ளை விரித்த மேசைகள். தூள் எங்களுடையது; சிரட்டை நெருப்பில், பேர் இல்லாத இடத்தில் இறக்கியது. ஊற்றும் வேலையை அன்று வேறு பெண்கள் எடுத்துக்கொண்டார்கள், மாமி தவம் முடித்தவர் ஆறுதலாக இருக்கட்டும் என்று. நாற்பது நாளுக்குப் பிறகு சீனி வந்திருந்தது. பாதிப் பேர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். "அமிர்தம்" என்றார் ஒருவர். "இவவின்ரை கைக்கு ஒரு பவர் இருக்கு" என்றார் இன்னொருவர்.

மூப்பர் ஒரு கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"இந்தா பிள்ளை. நாப்பது நாள் எங்களுக்குத் தந்தனி. இப்ப நீ குடிச்சு எப்பிடி எண்டு சொல்லு."

மாமி வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். நான் உள்ளே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் குடித்தார்.

பிறகு கண்ணைத் திறந்து கோப்பையைக் கீழே வைத்தார்.

"சூடாய் இருக்கு. இனிப்பாய் இருக்கு. அதுக்கு மேலை எனக்குத் தெரியாது ஐயா. காய்ச்சலோடை எனக்கு மணம் போட்டுது. நான் ஒறுத்தல் ஒண்டும் செய்யேல்லை. வெக்கத்திலை சொன்ன பொய். இவ்வளவு நாளும் மணந்து சொன்னது இவள். எப்பிடி எண்டு இவளிட்டைக் கேளுங்கோ."

கோப்பை என் கைக்கு வந்துவிட்டது. நூறு முகங்கள். சுவாமியார் வாசலில் நின்றார். அம்மா பெண்களின் வரிசையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

நான் கண்ணை மூடி மணந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அன்று இரவு நினைத்தேன். ஆனால் வாங்கில் ஏறி நின்று உள்ளதைச் சொல்லி மட்டுமே பழகியிருந்தேன்.

"கூழ் மணக்குது" என்றேன்.

"என்ன?"

"கூழ். ஒடியல் மாவும் நண்டும். பானை வடிவாய்க் கழுவேல்லை."

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நூறு பேரும் தங்கள் தங்கள் கோப்பைக்குள் மூக்கை விட்டார்கள்.

"ஓமடி" என்றாள் ஒருத்தி. "நண்டுதான்."

சனிக்கிழமை கோவில் சோடித்த இளைஞர்கள் கோப்பிக்குத் தண்ணீர் கொதித்த அந்தப் பானையில்தான் பனங்கிழங்கு ஒடியல் மாவில் கூழ் காய்ச்சியிருந்தார்கள். சோடித்தவர்கள் தலை குனிந்தார்கள், ஊற்றியவர்கள் சோடித்தவர்களைத் திட்டினார்கள். மூப்பர் தன் கோப்பையை மறுபடி மணந்து பார்த்தார். அவர் ஏற்கெனவே இரண்டு கோப்பை குடித்திருந்தார்.

"நானும் அமிர்தமெண்டெல்லோ குடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார், தனக்குத்தானே.

அவருக்கு மட்டுமல்ல. அத்தனை பேருக்கும் மூக்கு இருந்தது. மாமியின் கோப்பி என்றதும் விளக்கைப்போல அதை அணைத்து வைத்துவிட்டார்கள்.

அம்மா மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து வந்தார். மாமி முன்னால் நின்றார். "ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்லை? நான் ரெண்டு மாசமாய் உங்களோடை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றார். மாமி, "உங்கடை கறி உறைச்சது மச்சாள். அதையாவது சொல்லியிருக்கலாம் நான்" என்றார். இருவரும் சேர்ந்து அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

*

திங்கட்கிழமை யாரும் கொட்டை கொண்டுவரவில்லை. அது விடுமுறை நாள் என்று சொல்லிக்கொண்டோம். செவ்வாயும் வரவில்லை. மாமி அடுப்பைக் கழுவி, தாச்சியை மண் போட்டு மினுக்கி, மெசினுக்கு எண்ணெய் விட்டு வைத்தார். புதன்கிழமை மினுக்கியதையே மறுபடி மினுக்கினார். தெருவில் ஆட்கள் போகும்போது வாசல் படலையைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். சுவாமியார் வந்து கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போனார். என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது, போகும்போது அவர் மாமியிடம் மன்னிப்புக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அம்மா இரண்டு நேரமும் கறி கொண்டுபோய்க் கொடுத்தார். வலை பின்னப் போகலாமா என்று மாமி அப்பாவிடம் விசாரித்தார்.

வியாழன் காலையில் நான் மாமியின் குசினியில் கலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. மூப்பரின் மனைவி. எப்போதும் மூப்பர்தான் வருவார். மனைவி இந்தப் படலைக்குள் வந்து நான் கண்டதில்லை. இடுப்பில் ஒரு பை. அதன் வாயில் பச்சைக்கொட்டை தெரிந்தது. அவருக்குப் பின்னால், தெருவில், இன்னும் இரண்டு பெண்கள் பைகளோடு, உள்ளே வரலாமா என்று யோசித்தபடி நின்றார்கள்.

மாமி எழும்பி நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலையில் துடைத்தார்.

மூப்பரின் மனைவி பையை இறக்கி வைத்தார். மாமியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிறகு குசினிக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டார்:

"பிள்ளை நிக்கிறாளோ?"